புயலுக்கு முடிஞ்ச காசு

கொரட்டூர் ஏரிக்கரையில எங்க ஊடு. மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு.

ரெண்டு நாளா ரேடியோவுல, "பலத்த காற்றுடன் புயல் சென்னையை நெருங்குகிறது"ன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. ஷீட்டு மேல பழைய டயரு, கல்லு, அம்மின்னு எல்லாத்தையும் ஏத்தி வெச்சேன். அப்பவும் பயம் போகல. மஞ்சத் துணியில ஒரு ரூபா முடிஞ்சு, "அம்மா, இந்தப் புயல ஆந்திரா பக்கம் தள்ளிவுடு"ன்னு அம்மனை வேண்டிக்கினேன்.

இன்னிக்குக் காலையில வேலைக்குப் போற வழியில பாடியில இருக்கற டீக்கடையில நின்னேன். புயல் திசை மாறி நெல்லூர் பக்கம் கரையைக் கடந்துடுச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்க. கடையே கை தட்டுச்சு. கடைக்கார அண்ணாத்தே, "எல்லாருக்கும் ஓசி டீ!"ன்னாரு.

பெங்களூர்லேந்து லாரி ஓட்டிக்கினு வந்த டிரைவர் ஒருத்தர், கிளாஸை வாங்கிக்கினு, "இன்னா விசேஷம்?"னு கேட்டாரு.

"புயல் நெல்லூருக்குப் போயிடுச்சுண்ணா, தப்பிச்சோம்!"

நான்தான் சொன்னேன். சிரிச்சிக்கினே சொன்னேன்.

"எங்க ஊரும்மா அது"ன்னாரு.

டீயை அப்படியே வெச்சிட்டு எதிர்ல இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாரு. நாலு தடவை போட்டும் லைன் கிடைக்கல. திரும்பி வந்து, "ஓலைக் கூரைம்மா, ரெண்டு புள்ளைங்க"ன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. டீ ஆடை கட்டிப் போயிருந்துச்சு.

வேண்டுதல் பலிச்சா காசை அம்மன் உண்டியல்ல போடணும். என் ஷீட்டு பத்திரமா கீது. காசு இதோ மடியில கீது.

எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய்ப் போடறது? யாராச்சும் சொல்லுங்கப்பா.