கார்வினின் இடது கால்

கார்வின் டாட்ஸ் டெக்சாஸ் சமவெளியில் காற்றாலைப் பம்புகளைப் பழுது பார்த்தே பிழைத்தவர். அவருக்கு ஒரு மனைவி, ஒரு பிக்கப். இரண்டில் எது முனகினால் முதலில் எழுந்து ஓடுவார் என்பது டில்மன் ஊருக்கே தெரியும்.

பிக்கப்புக்கு வயது ஏறிவிட்டிருந்தது. இரண்டு மிதி மிதித்து, சோக்கை இழுத்து, ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னால்தான் அதற்கு உயிர் வரும். ஐம்பது மைல் வேகத்தைத் தொட்டதும் கதவு, கண்ணாடி, ஓட்டுகிறவரின் பல் எல்லாம் சேர்ந்து ஆடும். ஒரு ஜூலை மாதம், மனைவி ஓப்பலின் தங்கை நேவா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் வழியில், வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிட்டது. கார்வின் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டார். ஓப்பல் புது கவுனோடு மாட்டு லாரி ஒன்றில் ஏறி, கேக் தீர்ந்த பிறகு போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அந்த வண்டியில் அவர் கால் வைக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு ராய்ஸ் அதைக் கோழிக்கூடாக்க ஆசைப்பட்டு, ஒரு நாள் அளவெடுக்கவும் வந்துவிட்டார். அன்று சாயங்காலம் ஓப்பல் முடிவாகச் சொன்னார்.

"நேவா பொறந்தநாளைக்கு அமரில்லோ போறோம். இதுலயே வர்றேன். வழியில ஒரு தடவகூட நீ பானெட்டத் தொறக்கக் கூடாது. தொறந்தே, வண்டி ராய்ஸுக்கு."

"ஒரே ஒரு தடவ?"

"கோழிங்க காத்துக்கிட்டிருக்கு, கார்வின்."

கார்வின் பழைய இரும்புக் கடைக்குப் போனார். மாட்டின் மேல் மோதி நொறுங்கிய போலீஸ் கார் ஒன்று அங்கே கிடந்தது. முன்பக்கம் அப்பளமாகியிருந்தாலும் எஞ்சினில் ஒரு கீறல் இல்லை. கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலைக் கம்ப்யூட்டரே அளந்து பீச்சும். கியர் தானாகவே மாறும். நெடுஞ்சாலையில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டே வேகமாகப் போக, மேலே ஒரு ஓவர்டிரைவ் கியரும் இருந்தது.

குளிர்காலம் முழுவதும் அதன் ஒயர்கள் சாப்பாட்டு மேசையில் குடல்போலப் பரப்பிக் கிடந்தன. இருவரும் வாஷிங் மெஷின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். டோனட் கடையில் தினமும் காப்பிக்குக் கூடும் கூட்டாளிகளுக்குக் கேலி பேச இதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை.

"போலீஸ் எஞ்சினாடா? ஜாக்கிரத, நீ பீர் குடிச்சா அதுவே உன்ன ஓரங்கட்டிரும்."

"மாட்டப் பாத்தா நேராப் போய் முட்டுமேடா, பழக்கதோஷத்துல!"

கார்வின் காப்பியை உறிஞ்சினார். எஞ்சினும் கியரும் பிக்கப்பில் பொருந்திவிட்டன. தானாக மாறும் கியருக்கு கிளட்ச் எதற்கு என்று அந்த மிதியையும் கழற்றிப் போட்டு, அந்த இடம்வரை நீளும் அகலமான பிரேக்கை மாட்டிவிட்டார். மிதி போன சேதியை இடது காலுக்கு யாரும் சொல்லவில்லை.

புறப்பட்ட அன்று ஓப்பல் மடியில் நேவாவுக்கான சாக்லேட் கேக். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமாமல், இருமாமல் ஓடத் தொடங்கியது. சொல்ல வேண்டிய கெட்ட வார்த்தை கார்வின் வாயிலேயே தங்கிவிட்டது. தேவாலயத்து முனையில் நிறுத்தப் பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அத்தனை வருஷம் கிளட்சைத் தேடிப் பழகிய இடது கால் தன்பாட்டுக்குப் பாய்ந்து, அகலமான பிரேக்கை அடிவரை மிதித்தது. கேக் டாஷ்போர்டில் போய் அப்பியது.

தேவாலய வாசலில் நின்ற பாதிரியார், சவ ஊர்வலத்துக்குக் கழற்றுவதுபோலத் தொப்பியைக் கழற்றினார்.

ஓப்பல் தாடையில் ஒட்டிய கேக்கை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். "கழட்டு."

"எத?"

"எடது பூட்ஸ. வெறுங்காலா இருந்தாலாவது அதுக்குக் கொஞ்சம் புத்தி வரும்."

கேக் இருந்த மடியில் இப்போது பூட்ஸ் உட்கார்ந்தது. கால் அடங்கியது.

நெடுஞ்சாலையில் ஓவர்டிரைவ் விழுந்ததும் சத்தம் சட்டென்று தணிந்தது. கார்வின் அலறினார். "நின்னுருச்சு ஓப்பல்! செத்துருச்சு!"

"எழுபதுல போயிட்டிருக்கோம், கெழவா. ரோட்டப் பாரு."

அந்த வண்டியில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. நேவாவின் மருமகனைப் பற்றி ஓப்பலுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எல்லாவற்றுக்கும் கார்வின் "உம்" கொட்டினார்.

அமரில்லோவுக்குச் சற்று முன்னால் பெட்ரோல் போட நிறுத்தினார். சத்தமே இல்லாமல் வந்து நின்ற பழைய பிக்கப்பைப் பார்த்து, மாட்டுப் பண்ணையாட்கள் மூன்று பேர் காப்பிக் கோப்பையோடு நெருங்கி வந்தார்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஒருவர் புகையிலையைத் துப்பினார்.

"உள்ள என்ன வச்சிருக்கீங்க, பெரியவரே? பானெட்டத் தூக்குங்க, பாப்போம்."

அந்தப் பக்கத்தில் இப்படிக் கேட்டால் திறந்து காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால், வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதது போல. கார்வினின் கை பானெட் வரை போனது. பிறகு சட்டைப்பைக்குத் திரும்பியது.

"இன்னொரு நாள் பாக்கலாம்."

"ஒண்ணும் இருக்காதுப்பா. சரக்கு இருந்தா இவ்வளவு நேரம் காட்டாம இருப்பாரா?" என்றார் துப்பியவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். கார்வினின் காது சிவந்தது. ஒரு குளிர்கால உழைப்பு முழுவதையும் அந்தத் தகடு மூடிக்கொண்டிருந்தது. ஒற்றைப் பூட்ஸோடு தரையைப் பார்த்தபடி பெட்ரோல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. ஓப்பல் இறங்கி, அக்குளில் பூட்ஸை இடுக்கிக்கொண்டு முன்னால் போய் விரலை நுழைத்துத் தாழ்ப்பாளை இழுத்தார். பானெட் எழுந்தது.

"தொறக்கக் கூடாதுன்னு சொன்னது உனக்கு," என்றார் கார்வினிடம். பிறகு அந்த மூவரிடம் திரும்பி, "போலீஸ் காரோட எஞ்சின். ஒயர் பூரா என் சாப்பாட்டு மேசையில செஞ்சது. தொடாமப் பாருங்க."

துப்பியவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார். கார்வின் கூச்சத்தையெல்லாம் மறந்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஆரம்பித்துவிட்டார். அன்றும் நேவா வீட்டுக்குத் தாமதமாகத்தான் போனார்கள்.

சில வருஷம் கழித்துக் கார்வின் இறந்துபோன பிறகு, ராய்ஸ் ஒருமுறை வேலியோரம் வந்து பிக்கப்பைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கோழிக்கு வேற எடம் பாரு ராய்ஸ்," என்றார் ஓப்பல். வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு அதை ஓட்டிக்கொண்டு போகிறார். கார்வினின் இடது பூட்ஸ் பக்கத்து இருக்கையிலேயே கிடக்கிறது. வண்டியைச் சுற்றி வந்து யாராவது கேட்டால், இறங்கிப் பானெட்டைத் திறந்து காட்டுகிறார்.