நிற்கக் கூடாத விளக்கு

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பீங்கான் ப்யூஸ் கட்டை வைத்திருக்கிறேன். போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் வந்தார். கீழே புது டிரான்ஸ்ஃபார்மர் வைக்கப் போகிறார்கள். மீட்டர் அறையில் இருக்கும் பழைய பிரேக்கர்களே போதாதா என்று கேட்கத்தான் வந்தார். பேச்சோடு பேச்சாகக் கட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தவர், "என்ன சார், ப்யூஸ் கம்பி போடற எடத்துல தாம்புக்கயிறு மாதிரி செம்புக் கம்பி முறுக்கியிருக்கு? எந்த மடையன் பண்ண வேலை?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மடையன் இல்லை ஐயா, ஒரு தாய்.

எழுபதுகளில் நான் மரக்காணத்தில் மின்சார ஆபீசில் ஜூனியர் இன்ஜினீயர். உப்புக் காற்று சைக்கிள் செயினை ஒரு மழைக்காலம்கூட விட்டுவைக்காத ஊர். அங்கே ஓர் உப்பள முதலாளியின் வீடு மாடியும் கூடமும் பின்கட்டுமாகத் தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஊர்க்கோடி என்பதால் லைன் அங்கே போய்ச் சேர்வதற்குள் கரண்ட்டுக்கு மூச்சு வாங்கிவிடும். பல்பு எரிகிறதா இல்லையா என்று கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முதலாளி விடாமல் அலைந்து, உப்பளத்து மோட்டார்களுக்கும் வீட்டுக்கும் சேர்த்துத் தன் தோட்டத்திலேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வரவழைத்துவிட்டார். இணைப்புக் கொடுக்குமுன் வீட்டு போர்டைப் பார்க்க நான் போனேன்.

மரப்பலகையில் வரிசையாகப் பீங்கான் கட்டைகள். "இது ஆவாதுங்க. இரும்புப் பெட்டி போடணும், மணல் அடைச்ச ஹெச்.ஆர்.சி. ப்யூஸ் போடணும்" என்றேன். முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "அதே லைட்டு, அதே ஃபேன். ஒரு பல்பு கூட ஏத்தலயே சார். எதுக்குப் புதுப் பெட்டி?" இந்தக் கேள்வியைச் சர்வீஸ் முழுக்கக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பது ஒரு கணக்கு. எங்காவது இரண்டு கம்பி ஒட்டிக்கொண்டால் டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தள்ளும் என்பது வேறு கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் தூரத்தில் இருந்தவரை அந்த நீண்ட லைனே கடிவாளம். ப்யூஸ் 'டப்'பென்று போகும், அத்தோடு சரி. டிரான்ஸ்ஃபார்மர் தோட்டத்துக்கே வந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். அதை அறுக்கத் திராணியில்லாத கட்டை வெடித்துப் பலகையோடு பற்றிக்கொள்ளும். எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்த்து ப்யூஸ் வாங்கக் கூடாது, எவ்வளவை அறுக்கும் என்றும் பார்க்க வேண்டும். முதலாளி தாடையைத் தடவினார். "அதாவது, பாத்தி குடிக்கற தண்ணி கணக்கில்ல. கரை ஒடைஞ்சா கழுவெளி ஏரி தள்ற தண்ணிதான் கணக்கு. அப்படித்தானே?" அப்படியேதான். நான் அவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசியிருக்கவே வேண்டாம்.

மெயின் கட்டையைப் பிடுங்கக் கை நீட்டினேன். "தொடாதீங்க தம்பி!" என்று உள்ளேயிருந்து முதலாளியம்மா ஓடி வந்தார். கூடத்துச் சுவரில் மாதா படம். அதன் முன்னே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. இளைய மகன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வரும்வரை அந்த விளக்கு நிற்கக் கூடாது என்று நேர்ச்சை. அணையக் கூடாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நிற்கக் கூடாது என்பார். அதற்காகத்தான் வயர்மேனிடம் சொல்லி ப்யூஸ் கம்பிக்குப் பதில் லேசில் உருகாத செம்புக் கம்பியை முறுக்கிப் போட வைத்திருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஊர்ல தெனமும் கரண்ட் கட்டாவுதேம்மா, அப்ப விளக்கு நிக்கலயா?" என்று கேட்டேன். "மெழுகுவத்தி ஏத்திடுவேன். அது உங்க ஆபீஸ் பாவம். என் வீட்ல இருக்கற கட்டையால நின்னா என் பாவம்" என்றார், துளியும் சிரிக்காமல்.

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "இந்தக் கம்பி இருக்கற வரைக்கும் விளக்கு நிக்காதும்மா, வாஸ்தவந்தான். ஆனா ஒரு நாள் வீடும் நிக்காது" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "புதுசு போட்டா விளக்கு நின்னுடுமா?" என்று மெதுவாகக் கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "நிக்கலாம்மா. கோளாறு வந்தா நிக்கறதுக்குத்தான் அதையே போடறது." அவர் உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றி வந்தார். கடற்காற்றுக்குக் கையைக் குவித்து மறைத்துக்கொண்டு படத்தின் கீழே உட்கார்ந்தார். "மாத்துங்க. இன்னிக்கி நிக்கறது ஆபீஸ் கணக்கு" என்றார். நாங்கள் பெட்டியை மாட்டி முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அதன்பின் எனக்குத்தான் நிம்மதி போயிற்று. ப்யூஸ் போய், அதே சமயம் கப்பலிலிருந்தும் ஏதாவது சேதி வந்துவிட்டால் அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வயர்மேன் நனைந்துகொண்டு ஆபீசுக்கு ஓடி வந்தான். "சார், முதலாளி வீட்ல பின்கட்டுக்குப் போற கம்பி ஒட்டிக்கிச்சு. மெயினே போயிடுச்சு. அம்மா உங்கள வரச் சொன்னாங்க." மழையிலேயே சைக்கிளை மிதித்தேன்.

பெட்டியில் புகை இல்லை, கரி இல்லை. ப்யூஸ் சத்தமில்லாமல் அறுத்திருந்தது. பழைய கட்டையாக இருந்திருந்தால் பலகையும் கூரை உத்திரமும் அன்றைக்கே போயிருக்கும். கூடத்தில் சிவப்பு விளக்கு எரியவில்லை, மெழுகுவர்த்தி எரிந்தது. அம்மாவின் கண் சிவந்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "விளக்கு நின்னுபோச்சு தம்பி. பரவாயில்ல, வீடு நிக்குது. புள்ள வந்தா நிக்கறதுக்கு வீடு வேணுமில்ல?"

மகன் வந்தான், மறு வருஷம் பாஸ்கா பண்டிகை முடிந்த வாரம், கறுத்து இளைத்து, நல்லபடியாக. விளக்கு நின்றதை அம்மா அவனிடம் சொன்னாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

செயலாளரிடம் இவ்வளவையும் சொன்னேன். "புதுசா டிரான்ஸ்ஃபார்மர் வந்தா, அது தள்றத அறுக்கற பிரேக்கர் வாங்குங்க" என்றேன். அவர் கட்டையை மேசையில் பதமாக வைத்தார். "சரி சார், இது உங்ககிட்ட எப்படி வந்தது?" என்றார்.

அந்த மழை மத்தியானத்தில் நான் கிளம்பும்போது அம்மா அலமாரியிலிருந்து இதை எடுத்து வந்தார். செம்புக் கம்பி அப்படியே இருந்தது. என் கையில் வைத்து விரல்களை மூடினார். "நீயே வச்சிக்க தம்பி. புள்ள இன்னும் வரல. இது இங்க இருந்தா மறுபடியும் மாட்டச் சொல்லிடுவேன்."