திருப்பி வைத்த திரை

செங்கல்பட்டில் உடற்கூறியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கருவின் வளர்ச்சிதான் எனக்குப் பிடித்த பாடம். இதயத்தின் நடுச்சுவர் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து ஒன்று சேர்கிறது என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் களிமண்ணில் செய்து காட்டுவேன். அப்படிச் சேராமல் போன இதயங்கள் எங்கள் துறை அலமாரியில் கண்ணாடி ஜாடிகளில் இருந்தன. நானே கர்ப்பமாகும் வரை அவற்றை வெறும் பாடமாகத்தான் பார்த்தேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குத் துணையாக மாமியார் கடப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். கணவருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

உள்ளே படுத்ததும் டாக்டர் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆணா பெண்ணா என்று தெரியக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் செய்வதுதான். எனக்குத் திரை தேவைப்படவில்லை. அவர் உதவியாளரிடம் சொல்லச் சொல்ல, எங்கே பார்க்கிறார் என்று எனக்கே விளங்கியது. தலை, முதுகெலும்பு, வயிறு, சிறுநீரகம். கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தவர் இதயத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினார். கருவி ஒரே இடத்தில் அழுந்தி நின்றது.

"குழந்தை குப்புறப் படுத்திருக்கும்மா. இனிப்பா எதாவது சாப்பிட்டுட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்றார்.

குழந்தையின் முதுகு மேலே இருந்தால் இதயம் சரியாகத் தெரியாது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் நம்பவில்லை. வராந்தாவில் இதே போல நடக்கச் சொல்லப்பட்ட இரண்டு பெண்கள் வேர்க்கடலை தின்றுகொண்டே சிரித்துப் பேசி நடந்தார்கள். அவர்கள் மேல் அநியாயத்துக்குக் கோபம் வந்தது. எனக்கு மட்டும் அலமாரியின் ஜாடிகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. எந்தப் பாவி என்னை இதைப் படிக்கச் சொன்னான்?

மாமியார் கடையிலிருந்து ரோஸ்மில்க் வாங்கி வந்து நீட்டினார். அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னாமா, டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல அத்தை."

"சொல்லாதயா அழுவுற? படிச்சவ நீ, உனுக்குத் தெரியாமலா இருக்கும்?"  சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணா?"

நான் விழித்தேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அடிப்பாவி, அதுக்கா அழுதுகினு கீற? பொண்ணுன்னா இன்னா? நான் எதனா சொல்லுவேன்னு பயமா? மூணு ஆம்பளப் பசங்களப் பெத்தேன், ஒருத்தனும் ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குடுத்ததில்ல. கண்ணத் தொடச்சிக்க, இதக் குடி."

மறுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. குடித்தேன், நடந்தேன். மறுபடி கூப்பிட்டார்கள்.

இந்த முறை குழந்தை புரண்டிருந்தது. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் கருவியை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"இதயத்தோட கீழறைகளுக்கு நடுவுல சின்னதா ஒரு ஓட்டை தெரியுதும்மா. இந்த அளவுன்னா பெரும்பாலும் தானா மூடிக்கும். எதுக்கும் குழந்தையோட இதயத்துக்குன்னு தனியா ஒரு எக்கோ எடுத்துடலாம்."

"பெரும்பாலும்னா?"

"நீங்க படிச்சிருப்பீங்களே."

படித்திருந்தேன். மூடாமல் போவதையும் சேர்த்துத்தான் படித்திருந்தேன்.  வயிற்றில் இருந்த ஜெல்லை உதவியாளர்தான் துடைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் மாமியார் எழுந்து ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அதற்குள் மனதுக்குள் பேத்திக்குக் காது குத்தியே முடித்திருப்பார் போல.

"இன்னா, பொண்ணுதான?" என்று என் காதருகே கேட்டார்.

"ஆமாம் அத்தை" என்றேன்.

ஆணா பெண்ணா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.