எட்டு நாற்காலியில் ஒரே அக்கா

எங்கள் நூலகத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவருக்குப் 'பாஸ்வேர்டு அக்கா' என்றே பெயர். யார் பாஸ்வேர்டை மறந்து வந்து நின்றாலும் கோபிக்க மாட்டார். "தள்ளுங்க" என்று சொல்லித் தன் கணக்கிலேயே உள்ளே விட்டுவிடுவார். நாளடைவில் மறக்காதவர்களும் மறக்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு படிப்பைக் காட்ட வேண்டாமா? ஓப்பன் சோர்ஸ் லாகின் மென்பொருள் ஒன்றை நிறுவினேன். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அறைக்கு யார் வந்தார்கள், என்ன தேடினார்கள் என்று பிசகில்லாமல் சொல்லும்.

சொன்னது. அந்த மாதம் வந்த வாசகர் ஒரே ஒருவர். எட்டுக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, மகளுக்கு வரன் பார்த்து, டிரைவர் வேலைக்கு விண்ணப்பித்து, வழுக்கைக்கு மருந்து தேடியிருந்தார்.

மாத அறிக்கையைப் பார்த்து, ஒருவருக்கு எட்டுக் கணினி எதற்கு என்று கேட்டது தலைமை அலுவலகம். அறையை மூடுவதா என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி வருவதாகவும் தகவல் வந்தது.

"தம்பி, நீ படிச்சவன்னு யாரு இப்ப சந்தேகப்பட்டா?" என்றார் அக்கா.

ஆளுக்கொரு கணக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரிடமும் கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் மசியவில்லை. கடைசியில், தினமும் அறைக்கு வரும் தையல்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"என் பேர்ல வழுக்கைக்கு மருந்து தேடினா எனக்குத்தானே மானம் போகும்? உங்க பேர்ல தேடினா உங்களோட போச்சு."

அக்காவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மென்பொருளைப் பிரித்து, வந்தவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடியதை மறந்துவிடும்படி திருத்தினேன். அக்கா லேசில் நம்பவில்லை. அரை நாள் எதையோ தேடிவிட்டு வந்து, என்ன பார்த்தேன் சொல் என்றார். குடைந்து குடைந்து பார்த்தும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலமே தையல்காரரைக் கையோடு கூட்டி வந்து கணக்குத் தொடங்க வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

அதிகாரி அம்மா வந்தபோது எட்டு நாற்காலியும் நிரம்பியிருந்தது. திரையில் பெயர்களும் நீண்டன. அவருக்குத் திருப்திதான். ஆனால் இவர்கள் என்னதான் தேடுகிறார்கள் என்றும் அறிக்கையில் எழுத வேண்டுமாம்.

"அது தெரியாதுங்க மேடம்" என்றார் அக்கா.

"யாருக்குமேவா?"

"இந்தத் தம்பி பட்டப்படிப்பு படிச்சவரு. இவருக்கே தெரியாதுன்னா பாத்துக்கோங்க."

என் பட்டத்தை அதுவரை யாரும் இவ்வளவு மெச்சியதில்லை.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். அறை தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட வந்த உதவியாளரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அக்காவின் பக்கம் குனிந்தார்.

"எனக்கும் ஒரு கணக்கு போட்டுக் குடுங்களேன்."

தையல்காரர் எழுந்து இடம் கொடுத்தார்.