இடப்பக்கத்துக் கிடார்

என்னிடம் விலை உயர்ந்த பொருள் என்று இருப்பது ஒரு ஹெட்போன்தான். காது முழுவதையும் மூடுகிற, மெத்தை வைத்த பெரிய ஹெட்போன். ஐம்பதைத் தாண்டிய கணக்கு டீச்சருக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கேட்பவர்களும் அதிகம் பேர் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து களக்காட்டுப் பள்ளிக்குத் தினமும் பஸ். டிரைவரின் தலைக்கு மேலிருந்து சினிமாப் பாட்டு அலறும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினால் அத்தனையும் அடங்கிவிடும். முதல் வருடம் கண்டக்டர் கேட்டார்: "என்ன டீச்சர், சாமி பாட்டா?" நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருத்தி வேறு எதைக் கேட்பாள்? "ஆமா" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் என் காதில் நாலு வெள்ளைக்காரர்கள் டிரம்ஸை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு பொய் பஸ்ஸிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து தெருவுக்கும் பரவி, தேவாரம் கேட்கிற டீச்சர் என்று எனக்குப் பெயராகிவிட்டது. திருத்தப் போனால் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்வது எனக்குப் பள்ளியோடு போதும்.

ராக் பாட்டைப் பழக்கிவிட்டவன் அண்ணன். காலேஜில் படிக்கும்போது யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடிக் கேசட் வாங்கி வருவான். ஆல்பம் என்றால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை இடத்தை விட்டு எழுந்திருக்காமல் கேட்க வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். நான் இன்றுவரை அதை மீறியதில்லை. சட்டம் போட்டவன் வெளிநாட்டில் குடியேறி எல்லாவற்றையும் மறந்துவிட்டான். போன வருடம், நாங்கள் கேட்ட பழைய ஆல்பம் ஒன்று நல்ல தெளிவாகத் திரும்ப வந்திருக்கிறது என்று போனில் ஆசையாகச் சொன்னேன். "இன்னுமா அதையெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கே?" என்றான். அதற்கப்புறம் அவனிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வேறு யாரிடம் எடுப்பது? எனக்கு ஆள் இல்லை.

அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டுக்காகத்தான் பல வருடத்துக்கு முன்னால் இந்த ஹெட்போனையே வாங்கினேன். பாதிப் பாட்டில் பாடுகிறவன் ஒதுங்கிக்கொள்வான். வலது காதில் ஒரு கிடார் எதையோ கேட்கும். இடது காதில் இன்னொரு கிடார் பதில் சொல்லும். சாதாரண ஸ்பீக்கரில் இரண்டும் கலந்து கூழாகிவிடும். ஹெட்போனில், இரண்டு பேர் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். ஒற்றையாக இருக்கிறவளுக்கு அது சின்ன விஷயமில்லை. பள்ளி விட்டு வந்து, காபி போட்டுக்கொண்டு, அந்த இருவருக்கும் நடுவில் உட்காருவதுதான் என் சாயங்காலம்.

இந்த வருடம் இடது பக்கத்தவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். முதலில் வயரைச் சந்தேகப்பட்டுப் புது வயர் வாங்கினேன். வயர் முனையில் சொருகுகிற பின்னைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். ஜங்ஷன் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணாச்சி மாட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் கணீர்னுல்லா கேக்கு" என்றார். அவர் போட்டுக் கேட்டது ஒரு குத்துப்பாட்டு. இவருக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். வகுப்பில் இடது பக்கப் பெஞ்சுப் பிள்ளைகள் பதிலை வாய்க்குள்ளேயே மெல்லுகிறார்கள் என்று அவர்களையும் திட்டினேன். ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம்.

ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினால், கோளாறு எதில் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கணக்கு டீச்சருக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் மாட்டவில்லை. இரண்டு மாதம் மாட்டவில்லை. பயம். ஹெட்போன் கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால், அந்தச் சாயங்காலம் போனால், எனக்கு வேறு என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கார அக்கா கிண்ணத்தில் சூடாகத் தேங்காய்ப்பால் சொதி கொண்டுவந்தாள். மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கீழ்வீட்டில் தனியாக இருக்கிறவள். எனக்கு என்ன தோன்றியதோ, "அக்கா, இத மாட்டி ஒரு பாட்டு கேட்டுச் சொல்லுங்க. எடது பக்கம் ரிப்பேரான்னு பாக்கணும்" என்றேன்.

"தேவாரந்தான? குடுங்க" என்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இடது எது வலது எது என்று பார்த்து நானே மாட்டிவிட்டேன். மூன்றாவது பாட்டைப் போட்டேன்.

"ஏ யம்மா! என்ன டீச்சர் இது, இந்தப் போடு போடுதான்!" காது இரண்டும் மூடியிருந்ததால் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். கிடார்கள் பேசுகிற இடம் வந்ததும் அவளுடைய இடது பக்கத்தை விரலால் தட்டி, என்ன என்று சைகையில் கேட்டேன். அது மட்டும் செத்துக் கிடக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"நல்லாத்தான கேக்கு" என்றாள் அதே சத்தத்தில். "ரெண்டு பேருல்லா பேசுதாவ. இங்கன இருக்கவன் சண்டைக்கு வாரான்." வலது காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இடது காதைத் தொட்டாள். "இங்கன இருக்கவன் பையப் பைய சமாதானம் சொல்லுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா மறுபடியும் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை.

"இப்ப அவனுக்கும் கோவம் வந்துட்டு" என்றாள். "இப்ப ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாவ." அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஆல்பம் முடிகிற வரை அக்கா எழுந்திருக்கவில்லை. சொதி ஆறிப்போனது.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இத்தன வருசமா இதத்தான் மேல ஒத்தையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியளா?"

"ஆமாக்கா."

"ஒரு நாள் கூப்பிட்டிருக்கப்பிடாதா? நானும் கீழ ஒத்தையில சும்மாதான இருக்கேன்."

அந்த வீட்டு மாடிக்கு நான் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் பத்து வருடம் என் இரண்டு காதும் நன்றாக இருந்தன.