தீக்குச்சி அக்காவின் பட்டாள வண்டி

எங்கள் பட்டறையில் முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் தீக்குச்சி. முகத்துக்கு நேரே அக்கா. ஆள் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வாள். அதனால் வந்த பெயர். தண்ணீர் பம்புகளுக்குத் தண்டு கடையும் லேத்தில் முப்பத்தோரு வருஷம் நின்றவள். நான் பக்கத்தில் துளை போடும் மெஷினில். அளவில் மயிரிழை பிசகினாலும் அந்தத் துண்டைத் தூக்கித் தரையில் அடிப்பாள். அடுத்தவர் கடைந்ததாக இருந்தாலும் அதே அடிதான். முதலாளியே அவள் பக்கம் வரும்போது இருமிக்கொண்டு வருவார்.

அவள் கணவர் நேர்மாறு. தபால் பிரிக்கும் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். அவர் மாரடைப்பில் போய் ஒரு வருஷம் கழித்துத்தான் அக்கா வீட்டுப் பின்பக்கக் கொட்டகையைத் திறந்தாள். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் அவருடைய சின்ன மோட்டார் சைக்கிள். மிதிவண்டியைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். சிவப்புப் பெயிண்ட் உரிந்து, இருக்கையில் பஞ்சு பிதுங்கிக் கிடந்தது.

"இது பட்டாள வண்டி. பாராசூட்ல கட்டி வானத்துலேர்ந்து இறக்கினது" என்று கல்யாணமான புதிதில் அவர் சொன்னதுண்டு. உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் விட்டபோது அவருடைய பெரியப்பா எடுத்த வண்டி அது. அக்கா நம்பவில்லை. "வானத்துலேர்ந்து விழுந்ததா? அதான் இந்த லட்சணத்துல இருக்கு" என்றாளாம்.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஊரில் பழைய வண்டிக்காரர்கள் சங்கம் ஒன்று உண்டு. சொல்லியனுப்பியதும் அதன் செயலாளரே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பையில் குட்டி டார்ச். கொட்டகை வாசலில் நின்றபடியே பார்த்தார். டார்ச்சை வெளியே எடுக்கவேயில்லை.

"பட்டாளமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. பால்காரன் வண்டி. போருக்கு அப்புறம் இந்த மாதிரி மூலைக்கு மூலை ஓடிச்சு. என்ஜின் நம்பரைப் பார்த்தாலே தெரியும்."

"அப்போ என் வீட்டுக்காரர் பொய் சொன்னாருங்கறீங்களா?"

"சேச்சே, அவர் நல்ல மனுஷன். அவருக்கு யாரோ காது குத்தியிருப்பாங்க. ஒண்ணு பண்ணுங்க. என்ஜினை நீங்களே வச்சுக்கோங்க, வெறும் ஃபிரேமை நான் எடுத்துக்கறேன். உங்களுக்கும் இடம் காலியாகும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். அவர் தெருமுனை திரும்பும் முன்பே அவளுக்கு உறுத்தத் தொடங்கியது. குப்பை என்று சொன்னவர் குப்பையில் ஏன் கை வைக்கிறார்? அதிலும் என்ஜினை விட்டுவிட்டு எலும்புக்கூட்டை மட்டும்? மறுநாள் பட்டறையில் அவள் கடைந்த தண்டுகளில் ஒன்றுகூட அளவு தப்பவில்லை. கோபம் தலைக்கேறினால் அவள் கை அப்படித்தான் ஓடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள். அவசரப்பட்டு எதையும் சுரண்டவில்லை. டாங்கின் ஓரத்தில் நகத்தளவு இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாள். சிவப்புக்குக் கீழே கறுப்பு. கறுப்புக்குக் கீழே நீலம். நீலமும் போனதும், வாடிய இலையின் நிறம் ஒன்று எட்டிப் பார்த்தது. அங்கிருந்து ஒரு விரற்கடை தள்ளித் தேய்த்தபோது வெள்ளை எழுத்தின் வால் தெரிந்தது. ராணுவ வண்டிகளின் டாங்கில் கையால் எழுதும் எண்ணின் மிச்சம்.

ஹேண்டில்பாரின் அடியில், விரலால் திருகும்படி காதுவைத்த மரைகள் இரண்டு துருவேறிக் கிடந்தன. நான்கு நாள் மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் திருகினாள். ஹேண்டில்பார் முழுசாகத் திரும்பி டாங்கோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. பாராசூட் கூண்டுக்குள் அடைத்து இறக்குவதற்காக மடங்கும்படி செய்தது. பெட்ரோல் மூடியின் நடுவில் ஒரு குட்டித் திருகு. காற்றுத் துளையை அடைத்துவிட்டால் வண்டி தலைகீழாகக் கிடந்தாலும் சொட்டு சிந்தாது.

திங்கட்கிழமை பட்டறைக்கு வந்ததும் வராததுமாக என் மெஷினை அணைத்துவிட்டுக் கேட்டாள்: "நீயே சொல்லு. எந்தப் பால்காரன்டா ஹேண்டில்பாரை மடக்கி வச்சுட்டுப் பால் ஊத்துவான்?"

ஃபிரேமின் கழுத்தில் பெயிண்டுக்குள் புதைந்திருந்த எண்ணைத் தின்னரும் பல் துலக்கும் பிரஷுமாக ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து மீட்டாள். மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் பதிய வைத்தாள். வண்டி செய்த ஆலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் பதிவேடுகளைக் காத்து வைத்திருக்கும் குழு ஒன்று கடல் கடந்த தேசத்தில் இருப்பதை அவள் தங்கை கண்டுபிடித்தாள். தங்கை பள்ளிக்கூட டீச்சர். கடிதத்தையும் அவளே எழுதினாள். அக்கா எழுதினால் முதல் வரியிலேயே சண்டை வந்துவிடும்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த ஃபிரேம், போரின் கடைசிக்கு முந்தைய வருஷம், வான்வழிப் படையின் கிடங்குக்கு நேரே அனுப்பப்பட்டது. ஐயமில்லை. அதோடு போன என்ஜினின் எண்ணையும் எழுதியிருந்தார்கள். அந்த எண் கொட்டகையில் இருந்த என்ஜினில் இல்லை. அது போர் முடிந்து ஐந்து வருஷம் கழித்துச் செய்தது.

"யாரோ என்ஜினை மாத்தியிருக்கான்" என்று அக்கா கத்தினாள். தங்கை அவள் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாளாம்.

சங்கத்தின் வருஷாந்தரக் கண்காட்சி பள்ளி மைதானத்தில் நடந்தது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நடு இடத்தில், கயிறு கட்டி, செயலாளரின் சொந்த வண்டி பளபளவென்று நின்றது. பச்சைப் பெயிண்டில் முகம் பார்க்கலாம். 'இவ்வட்டாரத்தின் ஒரே பட்டாளச் சிறுவண்டி' என்று பலகை. அக்கா கயிற்றுக்கு அடியில் நுழைந்து, புல்லில் முழங்கால் போட்டு, என்ஜின் எண்ணைப் படித்தாள். கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள். எழுந்து செயலாளருக்கு நேரே வந்தாள்.

"இது என் வண்டியோட என்ஜின்."

செயலாளர் சிரிக்கப் பார்த்தார். "கூட்டத்துல ஏம்மா… அப்புறம் பேசலாம்."

"இப்பவே பேசலாம். எப்படித் திருடினீங்க?"

அந்த வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது. "திருட்டா? உங்க வீட்டுக்காரர் தன் கையால குடுத்தது! நீங்க கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தீங்களே, அப்போ. இந்த என்ஜின் அடியில வெடிச்சுப்போய் ஓடாம கிடந்துச்சு. தினம் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஓடற என்ஜின் ஒண்ணு வேணும்னு என் வாசல்ல வந்து நின்னாரு. குடுத்தேன். மாத்தி இதை வாங்கிட்டேன். என் பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லாதீங்க, கத்துவாள்னாரு. சொல்லல."

ஒன்பது வருஷத்துக்கு முன் பட்டறையில் நடந்த அந்த விபத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரும்புக் கம்பிக் கட்டு சரிந்து அக்காவின் முழங்காலில் விழுந்தபோது கட்டைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஐம்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவர் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார். எதில் வந்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அக்கா கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினாள். அவள் கத்துவதைவிட அது பயமாக இருந்தது.

"சரி. என்ஜின் நியாயமா கைமாறியிருக்கு. அந்தச் சண்டையை நான் அவர்கூடப் போட்டுக்கறேன். ஆனா என் வீட்டு வாசல்ல நின்னு, அதே ஃபிரேமைப் பார்த்துட்டு, பால்காரன் வண்டின்னு ஏன் சொன்னீங்க? இவர் வண்டியோட பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்க யாராவது. நடுவுல திருகு இருக்கா? இந்த ஹேண்டில்பாரை மடக்கிக் காட்டச் சொல்லுங்க."

சங்கத்து ஆட்களில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் இருந்தார். அவரே மூடியைத் திறந்தார். திருகு இல்லை. ஹேண்டில்பார் அசையவில்லை. பட்டாள என்ஜினை ஒரு பால்காரன் வண்டியில் மாட்டிப் பச்சை அடித்து வைத்திருந்தார் செயலாளர். அவருக்குக் குறையாக இருந்தது ஃபிரேம் ஒன்றுதான்.

"இத்தனை வருஷமா எங்க காதுல பூ சுத்தினீங்களா, தலைவரே?" என்றார் ஓட்டுநர். செயலாளர் பலகையைக் கழற்றித் தலைகீழாக நாற்காலிமேல் வைத்தார்.

அன்று மாலை தங்கை வீட்டில் பெரிய ரகளை. நானும் அங்கே இருந்தேன், எழுந்து போகவும் முடியவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ஒன்பது வருஷமா?"

"மாமா சொல்லாதேன்னாரு. பயந்தாரு."

"என்னைப் பார்த்தா? நான் என்ன புலியா?"

தங்கையும் விடவில்லை. "பின்னே? குழம்பில உப்பு கூடினா நாலு நாள் பேசாத ஆளு நீ. பெரியப்பா வண்டியோட உயிரைப் பிடுங்கிக் குடுத்துட்டேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்வாரு? ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்தே எதையாவது தூக்கி எறிஞ்சிருப்பே."

அக்கா கையிலிருந்த டம்ளரை ஓங்கினாள். அது தன் கையில் இருப்பதைப் பார்த்தாள். மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான்கு மாதம் இருவருக்கும் பேச்சில்லை.

கண்காட்சி முடிந்து மூன்று வாரத்தில், சங்கத்தார் நெருக்கியதில், என்ஜின் வந்தது. செயலாளர் தானே சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார், பக்கத்தில் டாக்ஸி ஓட்டுநர் காவல் மாதிரி நின்றார். அக்கா சும்மா வாங்கவில்லை. பால் வண்டி என்ஜினைக் கழற்றி, கழுவி, மணிபோல ஆக்கி எடுத்து வைத்திருந்தாள். "உங்களுது உங்களுக்கு, எங்களுது எங்களுக்கு" என்று சாக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நன்றியும் இல்லை, தண்ணீர் வேண்டுமா என்ற கேள்வியும் இல்லை.

அதன் பிறகு அந்த வண்டியோடு அவள் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. என்ஜின் வெடிப்பில் வைத்திருந்த பழைய வெல்டிங் கசிந்தது. திரும்பச் சுரண்டிப் பற்றவைக்க வேண்டியிருந்தது. கடையில் கிடைக்காத புஷ் வளையங்களைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் லேத்திலேயே கடைந்தாள். ஒருநாள் உதைத்து உதைத்து, ஓடவில்லையென்று ஸ்பேனரைச் சுவரில் எறிந்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கத்தியிருப்பேன். கத்திட்டுப் போயிருப்பேன்!" என்று அழுதுகொண்டே கத்தினாள். அது வண்டியிடம் சொன்னதில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஸ்பேனரைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

வாடிய இலை நிறத்தை டாங்கின் ஒரு பக்கம் அப்படியே விட்டு, மறுபக்கம் மட்டும் அதே நிறம் கலந்து அடித்தாள். ஒரு ஞாயிறு காலை பத்தாவது உதையில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. நேரே தங்கை வீட்டு வாசலுக்குப் போய் ஹாரனை அழுத்தினாளாம். "ஏறு" என்றாளாம். மன்னிப்பு என்றால் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தங்கையும் ஏறிக்கொண்டாள்.

இப்போது வேலைக்கு அதில்தான் வருகிறாள். சங்கத்தில் சேரச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பினார்கள், மாட்டேன் என்றுவிட்டாள். ஆனாலும் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் இது எந்த வருஷத்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு பட்டறை வாசலில் வந்து நிற்கிறார்கள். போன வாரம் ஒருவர் தன் வண்டியைப் பெயிண்டெல்லாம் உரித்து, எண்ணையும் சேர்த்து அரத்தால் ராவிவிட்டு, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார். லேத்தை அணைத்துவிட்டு அக்கா வெளியே வந்தாள். அடுத்த கால் மணி நேரம் பட்டறையில் யாரும் வேலை பார்க்கவில்லை.