குருசுமுத்து விட்டுவைத்த அறுபத்திரண்டு மரங்கள்

குருசுமுத்து சிவப்பு அடிக்காமல் விட்டவை அறுபத்திரண்டு மரங்கள். எத்தனை என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆனாலும் எண்ணி வைத்திருந்தார்.

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதப் புயலில், நாங்கள் வந்து சேர்ந்த குளிர்நாட்டில் ஓகூஸ் நகருக்கு மேற்கே ஒரு தனியார் காட்டின் பாதி படுத்துவிட்டது. ஐம்பது வயது ஸ்புரூஸ் மரங்கள். கிறிஸ்துமசுக்குச் சோடிக்கிற ஊசியிலை மரம்; நத்தார் மரம் என்றுதான் குருசுமுத்து சொல்வார். காட்டுக்குப் பொறுப்பாக இருந்த அக்ஸலுக்கு ஆள் போதவில்லை. உள்ளூர் சபையான கொம்யூன் ஒன்பது மாத வேலைக்கென்று அனுப்பிய இந்த மன்னார்க்காரரிடம் காட்டில் ஒரு துண்டையும் சிவப்பு ஸ்பிரே டின்னையும் ஒப்படைத்தார்.

முறிந்தது சிவப்பு. வேரோடு விழுந்தது சிவப்பு. சாய்ந்து நிற்பதன் அடியில் மண் கிளம்பியிருந்தால் அதுவும் சிவப்பு. சிவப்பு அடித்ததெல்லாம் வைகாசிக்கு முன் காட்டைவிட்டு வெளியே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பட்டை வண்டு பறக்கும். சாகக் கிடக்கிற மரத்தில் குடியேறி, பெருகி, நிற்கிற மரத்துக்குத் தாவும். அக்ஸல் சப்பாத்தால் மண்ணைக் கிளறிக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார். சைகையோடு சேர்த்துக் குருசுமுத்துவுக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று பிறகும் அவர் ஒருநாளும் சாட்டுச் சொன்னதில்லை.

கோடை நல்லபடி கழிந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக அக்ஸல் சொல்லியிருந்தார். அதற்கு முன் குருசுமுத்து செய்தது ஒரு சமையலறையில் தட்டுக் கழுவும் வேலை. அவரோடும் என்னோடும் ஒரே வீட்டில் இருந்து, இன்னும் அந்தச் சமையலறைக்கே போய்வந்த அல்பேட் கிண்டலடிக்காமல் விடமாட்டான்.

"காட்டிலாகா ஐயா வந்திட்டார்! இண்டைக்கு எத்தினை மரத்துக்குத் தூக்குத் தண்டனை, அண்ணை?"

"நீ போய்க் கோழிக் காலை வெட்டு. என்ர மரத்தைப் பற்றிக் கதையாதை."

அந்த நாட்டில் எதையும் அவர் 'என்ர' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அவருக்குத் தெரிந்த புயல் அறுபத்துநாலில் மன்னாரில் அடித்தது. அப்போது அவருக்குத் தென்னந்தோட்டத்தில் வேலை. பாதி வேர் மணலுக்கு மேலே தெரியச் சாய்ந்த தென்னைகளை முதலாளி வெட்டச் சொன்னார். இவர் மன்றாடித் தடுத்து மண் அணைத்துவிட்டார். இரண்டு வருஷத்தில் அவை குலை தள்ளின.

அதே கண்ணால்தான் இங்கேயும் பார்த்தார். சாய்ந்து நின்றவற்றின் ஊசியிலை பச்சையாகவே இருந்தது. அறுபத்திரண்டையும் விட்டார். பகல் சாப்பாட்டு நேரத்தில் மண்வெட்டியோடு போய் வேரடிக்கு மண்ணும் அணைத்தார். காட்டின் மறுகரையில் வேலையாக நின்ற அக்ஸல், இவரை நம்பி, வந்து பார்க்காமலே அந்தத் துண்டு முடிந்ததென்று குறித்துக்கொண்டார்.

ஆனியில் அந்த மரங்களின் அடியில் கோப்பித்தூள் போல ஒரு தூள் கொட்டிக் கிடந்தது. செவ்வண்டு துளைத்த தென்னையைப் பார்த்தவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. கையால் வழித்துத் துடைத்தார். மறுநாளும் கிடந்தது. மூன்று கிழமை துடைத்தார்.

ஆவணியில் சுற்றி நின்ற நல்ல மரங்களும் உச்சியிலிருந்து செம்பட்டையாகின. மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள்.

"ஏன் விட்டார்? அதை மட்டும் கேள்" என்றார் அக்ஸல்.

"பச்சையா நிண்டதெண்டு சொல்லு, தம்பி. தென்னையெண்டால் எழும்பியிருக்கும்." உடனே என் கையைப் பிடித்தார். "வேண்டாம், தென்னையை விடு. தூளைக் கண்டனான், பயத்தில வாய் திறக்கேல்லை. அதைச் சொல்லு."

இரண்டையும் சொன்னேன். அக்ஸல் செம்பட்டையான உச்சிகளைக் கைகாட்டினார். "கண்ட அன்றே சொல்லியிருந்தால், உள்ளே இருந்த புழுவோடு அறுபத்திரண்டையும் வெளியே ஏற்றியிருக்கலாம். இப்போது இந்தத் துண்டு முழுவதும் போகிறது."

"என்னவாம்?"

"கவலைப்படுறாராம், அண்ணை."

"பொய் சொல்லாதை. இங்கிலீசு உனக்குத் தெரியும், மனிசன்ர முகம் எனக்குத் தெரியும்."

உள்ளதைச் சொன்னேன். ஒன்பது மாதம் முடிந்ததும் வேறு ஆள் வருவதாக அக்ஸல் சொன்னதையும் சொன்னேன். "ஓம்" என்றார் குருசுமுத்து.

அக்ஸல் ஸ்பிரே டின்னை எடுத்துக்கொண்டு நடந்தார். குருசுமுத்து பின்னால் போய்க் கையை நீட்டினார். அக்ஸல் தயங்கிவிட்டுக் கொடுத்தார். முந்நூறுக்கு மேல் மரங்கள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று குருசுமுத்துவே சிவப்பு அடித்தார். கரையோரம் ஒன்றில் துளையில்லை, தூளில்லை. சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"இது நல்லா நிக்குது, தம்பி. ஒருக்காக் கேளன்."

கேட்டேன். தனியாக நின்றால் அடுத்த காற்றில் விழும் என்றார் அக்ஸல்.

அதைத் தமிழில் சொல்ல நான் வாய் திறக்கும் முன்பே, அக்ஸலின் முகத்தைப் பார்த்திருந்த குருசுமுத்து டின்னைக் குலுக்கத் தொடங்கியிருந்தார்.